கூக்ளி: ஏய்க்கும் கையும் எதிர்நோக்கும் கண்ணும்

விதிக்கு உட்பட்டு எதிரியை ஏய்ப்பது போட்டி விளையாட்டில் திறனாகவே போற்றப்படுகிறது. ஆயின், ஏய்ப்பின் மறைபொருள் வெளிப்பட்டபின் அதன் வலிமை அழிந்துவிடுமா என்னும் வினா எழுகின்றது. கிரிக்கெட் ஆட்டத்தில் கூக்ளி எனப்படும் பந்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

வலக்கைச் சுழற்பந்து வீச்சாளர் வீசும் லெக் பிரேக், தரையில் பட்டபின் வலக்கை மட்டையாளரை விட்டு விலகிச் செல்லும். கூக்ளியோ ஏறத்தாழ அதே கையசைவில் வீசப்பட்டு அவரை நோக்கி உட்புறமாகத் திரும்பும். மணிக்கட்டைக் கூடுதலாக வளைத்து, புறங்கை மட்டையாளரை நோக்குமாறு பந்தை விடுவிப்பதே இதன் நுட்பம்.

இதனைக் கண்டறிந்தவராகக் கருதப்படுபவர் இங்கிலாந்தின் பெர்னார்ட் போசன்க்வெட். மேசைமீது பந்தைத் துள்ளவிட்டு எதிரில் இருப்பவரை ஏமாற்றும் பொழுதுபோக்கு ஆட்டத்திலிருந்து 1890களின் பிற்பகுதியில் அவர் இதனை உருவாக்கினார். 1900இல் லார்ட்ஸ் திடலில் லெஸ்டர்ஷயர் அணியின் சாமுவேல் கோ 98 ஓட்டங்களில் இதற்கு இரையானார். நான்கு முறை தரையில் பட்டுச் சென்ற அப்பந்து நகைப்புக்குரியதாகவே கருதப்பட்டது. 1904இல் சிட்னியில் அவர் 51 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தி, ஆஷஸ் தொடரை இங்கிலாந்து வெல்லத் துணைநின்றபோது நகைப்பு அடங்கியது.

அவருடன் மிடில்செக்ஸ் அணியில் ஆடிய ரெஜி ஷ்வார்ஸ், இக்கலையைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றார். வோக்ளர், ஃபாக்னர், ஒயிட் ஆகியோரும் அதனைக் கற்றனர். 1905-06இல் அந்நாடு இங்கிலாந்தை 4-1 எனத் தோற்கடித்தது. 1909-10 தொடர் மேலும் கருதத்தக்கது. அதில் இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸ் 539 ஓட்டங்கள் குவித்தார். வோக்ளர் 36, ஃபாக்னர் 29 விக்கெட்டுகள் எடுத்தனர். தென்னாப்பிரிக்கா 3-2 என வென்றது. மட்டையாளரின் கணிப்பு வளர்ந்த பின்னரும் ஏய்ப்பு பயனிழக்கவில்லை என்பது இதனால் புலனாகும்.

இதற்குக் காரணம் உண்டு. கூக்ளி அறியப்படுவதற்கு முன் லெக் பிரேக் ஒரு வகைப் பந்து மட்டுமே. அறியப்பட்டபின் ஒவ்வொரு லெக் பிரேக்கும் ஐயத்திற்கு உரியதாயிற்று. வீசப்படாத கூக்ளியும் மட்டையாளரின் கால்களைத் தயங்கச் செய்தது. 1948 ஆகஸ்டு 14 அன்று ஓவல் திடலில் டொனால்ட் பிராட்மன் தம் இறுதி டெஸ்ட் இன்னிங்ஸில் இரண்டாம் பந்திலேயே எரிக் ஹாலிஸின் கூக்ளிக்கு விக்கெட்டை இழந்தார். நான்கு ஓட்டங்கள் எடுத்திருப்பின் சராசரி நூறாகியிருக்கும், அது 99.94இல் நின்றது. அரை நூற்றாண்டாக ஆட்டக்காரர் அனைவரும் அறிந்திருந்த பந்து அது.

இந்தியாவில் மைசூரில் பிறந்த பி. எஸ். சந்திரசேகர், இளமையில் போலியோவால் நலிவுற்ற வலக்கையாலேயே பந்து வீசினார். கூக்ளியே அவரது முதன்மைக் கருவி என்பது எதிரிகளுக்குத் தெரியும். எனினும் சுழற்பந்துக்கு மிகையான அவரது வேகம், கணிப்பதற்குரிய கால அளவைக் குறைத்தது. 1971இல் அதே ஓவல் திடலில் அவர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்த, இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டது. இங்கிலாந்து மண்ணில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியையும் தொடர் வெற்றியையும் அடைந்தது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஏய்ப்பு அறியாமையை மட்டுமே நம்பி வாழ்வதில்லை என்பது தெளிவாகும். இரண்டு வழிகள் உள்ளன என்று அறிந்தவரே அவற்றுள் எது வரும் என ஐயுறுகிறார். எதிரியின் அறிவையே தனக்குத் துணையாக்கிக் கொண்டமையே கூக்ளியின் நிலைபேற்றுக்குக் காரணம் எனலாம்.