தோட்டத்துப் பதிவேட்டில் முதுகு எங்கே?

பெருந்தோட்டம் அளவுக்குக் கணக்கு எழுதிய இடம் இலங்கையில் குறைவு. பெரட்டுக்கு யார் வந்தது, யாருக்கு அரைப்பேர், எத்தனை கிலோ கொழுந்து, எவ்வளவு றப்பர் பால், யார் பிறந்தது, யார் செத்தது, எல்லாத்துக்கும் ஒரு புத்தகம் இருந்தது. ஆனா முப்பது வருசம் கூடை சுமந்த ஒரு முதுகுக்கு என்ன ஆனது என்று தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான். மொனராகலைப் பக்கத்து றப்பர் தோட்டமோ, பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தேயிலை மலையோ, இடுப்பு வலி இல்லாத லயமே கிடையாது என்று நமக்குத் தெரியும். பிறகு ஏன் அது எழுதப்படல? எழுதாததால் என்ன நட்டம்?

கோப்பிக் காலத்தில் இருந்து தொடங்குவோம். தென்னிந்தியாவில் இருந்து வந்தவர்கள் வழியிலும் தோட்டத்திலும் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஆள் குறைந்தால் தோட்டம் நடக்காது. 1872ல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது, தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்தார்கள். 1912ல் அந்தச் சட்டத்தைப் புதுப்பித்து எழுதி, தொழிலாளர் நோய்களுக்குத் தனியாக இன்னொரு சட்டமும் போட்டார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 30 நாள் உணவும் தங்குமிடமும் கொடுக்கணும், அந்த நாட்களில் வேலை வாங்கக் கூடாது என்பது துரையின் கடமை ஆனது. நல்ல விசயம்தான். ஆனாலும் ஆள் சாகாமல் இருக்கணும், நோய் பரவாமல் இருக்கணும் என்பதுதான் அந்தச் சட்டங்களின் முதல் கவலை. இடுப்பு வலி தொற்றாது. அதில் ஆள் சாவதும் இல்ல.

அப்போ தோட்டத்தில் சரியான நோயறிதலே நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கு. 1916ல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. வீடு வீடாக ஆட்களைப் பதிந்து, மலத்தை எடுத்து, நுண்காட்டியில் முட்டை தேடி, மருந்து கொடுத்து, திரும்பவும் சோதித்து எழுதினார்கள். இரத்தம் இல்லாத உடம்பு வேலை செய்யாது என்று தோட்டக்காரர்களுக்கும் விளங்கியது. தேவை என்று நினைத்தபோது பார்க்கவும் எழுதவும் வழி இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணுமா?

முதுகின் கதை வேறு. தேயிலை மலையில் கூடையின் கயிறு தலையில் மாட்டப்படும். பாரம் முதுகில் தொங்கும், இழுவை கழுத்துக்குப் போகும். ஒரு நாள் பேருக்கு 16, 18 கிலோ என்று நோம் வைத்த தோட்டங்கள் பல. மழை நாளில் ஈரக் கொழுந்தின் எடையும் சேரும். சரிவில் நின்றுகொண்டு, நிறைக்கும் இடம் வரைக்கும் அதைச் சுமந்து நடக்கணும். மொனராகலை றப்பர் மலையில் விடியக் காலையிலேயே பால் வெட்டு. ஒரு ஆளுக்கு முந்நூறு மரம் வரை வரும். வெட்டுப் பட்டை கீழே இருந்தால் ஒவ்வொரு மரத்துக்கும் குனியணும். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் நடக்கணும். ஒரே ஒரு நாளில் முதுகு உடைவதில்ல. குனிந்து குனிந்து வருசக் கணக்கில் தேயுது.

சட்டத்துக்குப் பிடிபடாத இடமும் இதுதான். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம், வேலையின்போது நேரும் விபத்தை மையமாக வைத்து எழுதப்பட்டது. விபத்துக்கு ஒரு நாள் உண்டு, நேரம் உண்டு, பார்த்த சாட்சி உண்டு. விபத்து அல்லாத நோய் என்றால் பட்டியலில் இருக்கணும். அங்கே வந்தவை ஈயம் போன்ற நஞ்சுகளால் வரும் நோய்கள். அதே 1934ல்தான் அமெரிக்காவின் பொஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு வைத்தியர்கள், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் இடுப்பில் இருந்து கால் வரை இழுக்கும் அந்த வலி வருது என்று எழுதினார்கள். வலிக்குக் காரணம் சொன்ன கட்டுரையும் நட்டஈடு சொன்ன சட்டமும் ஒரே வருசம். இரண்டும் தோட்டத்தில் சந்திக்கவில்லை.

இப்போதாவது மாறிட்டுதா? சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2010ல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலை எடுத்துப் பாருங்க. தசை, எலும்பு நோய்களில் மணிக்கட்டு இருக்கு, முழங்கை இருக்கு, முழங்கால் இருக்கு. இடுப்புக்குத் தனி வரி இல்ல. கடைசியில் ஒரு பொது வரி இருக்கு: வேலைக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு நிறுவப்பட்டால் வேறு நோய்களையும் சேர்க்கலாம். நிறுவணும் என்றால் எதை வைத்து? வைத்தியக் குறிப்பை வைத்துத்தான். அந்தக் குறிப்பே நம்மிடம் இல்ல.

அதை எழுத வேண்டியவர் யார்? தோட்ட ஆஸ்பத்திரியில் முதலில் பார்ப்பது பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல, டிஸ்பென்சர், பிறகு வந்த பெயரில் தோட்ட வைத்திய உதவியாளர். நாம் அவரையும் 'டாக்டர் ஐயா' என்றுதான் கூப்பிட்டோம். ஒரே ஆள் காய்ச்சலும் பார்க்கணும், பாம்புக்கடியும் பார்க்கணும், லீவுத் துண்டும் எழுதணும். "குறுக்கு ஒடியுதுங்க ஐயா" என்று ஒரு அம்மா சொன்னால், ஆங்கிலப் பதிவேட்டில் அது 'உடம்பு வலி' என்று சுருங்கி, இரண்டு குளிசையோடு முடிந்துவிடும். எந்த இடத்தில், எத்தனை வருசமாக, என்ன வேலை என்பதெல்லாம் அங்கேயே தொலையும்.

தமிழில் எழுத வார்த்தை இல்லாமல் போனதும் கிடையாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். உடற்கூற்று நூலான 'மனுஷ அங்காதிபாதம்' 1872ல் வந்தது, தோட்டத்து மருத்துவச் சட்டம் வந்த அதே வருசம். அந்த வகுப்பறைத் தமிழ் மலைக்கு ஏறவில்லை.

அமெரிக்காவைப் பாருங்க. 1895ல் டி.டி. பாமர் தொடங்கிய, கையால் முதுகெலும்பைச் சரிசெய்யும் கைரோபிரக்டிக் முறையை வைத்தியர்கள் நீண்ட காலம் ஏற்கவில்லை. அதன் சில உரிமைகோரல்கள் மீது இன்றைக்கும் கேள்வி இருக்கு. ஆனா பெரும்பாலான மாநிலங்களில் அவர்கள் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கத் தொடர்ந்து படிக்கணும். முள்ளந்தண்டு நோயை எப்படி அறிவது, எப்படி ஆவணப்படுத்துவது என்பதும் அந்தப் பாடங்களில் இருக்கு. காரணம் எளிது, குறிப்பு சரியில்லை என்றால் காப்புறுதிக் காசு வராது. இங்கே எலும்பு முறிவு பார்க்கும் நாட்டு வைத்தியர்களுக்கு 1961 ஆயுர்வேதச் சட்டத்தில் பதிவு இருக்கு. அவர்களிடமும் தோட்டத்து ஆட்கள் போறாங்க. எண்ணெய் வரும், பத்து வரும், கட்டு வரும். கையில் ஒரு காகிதம் வருவது அரிது.

நல்ல குறிப்பு பெரிய வித்தை இல்ல. வலி எப்போ தொடங்கியது, காலுக்கு இறங்குதா, மல்லாந்து படுத்துக் காலை நேராகத் தூக்கினால் கூடுதா, கால் மரத்துப் போகுதா, என்ன வேலை, எத்தனை வருசம். அதோடு ஆபத்து அறிகுறிகள்: இரவில் தூங்க விடாத வலி, காய்ச்சல், எடை குறைதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, காலில் பலம் குறைதல். நெருக்கமான லயத்தில் முள்ளந்தண்டுக் காசநோயை 'பிடிப்பு' என்று விட்டால் ஆள் நடக்க ஏலாமல் போகலாம். இதை ஒரு தோட்ட வைத்திய உதவியாளருக்குச் சொல்லிக் கொடுக்க முடியாதா? முடியும். சொல்லிக் கொடுத்ததை வருசா வருசம் புதுப்பிக்கவும் முடியும்.

1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆகின, 1992ல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளில் ஒரு பகுதியை அரசு பொறுப்பெடுத்தது, மீதி தோட்டத்தோடு நிற்குது. சம்பளத்துக்காக நாம் தெருவில் இறங்கினோம், அது சரி. ஆஸ்பத்திரிப் பதிவேடும் ஒரு உரிமைப் பிரச்சினைதான் என்று தொழிற்சங்கங்கள் பேசணும்.

அது வரும்வரை நம் கையில் ஒரு வேலை இருக்கு. அம்மாவோ சித்தியோ கிளினிக் போகும்போது கூடப் போங்க. 'கொழுந்து எடுக்கிறாங்க, 25 வருசமா' என்று கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. எழுதினதைப் படம் எடுத்து வையுங்க, கொப்பியைத் தூக்கிப் போடாதீங்க.