35ஆம் உறுப்புரையின் காப்புவாசகம்: இலங்கைச் சனாதிபதியைப் பொறுப்புக்கூற வைத்தது எது?

1994இல் சந்திரிகா குமாரதுங்க, 2005இல் மகிந்த ராஜபக்ச, 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2024இல் அனுர குமார திசாநாயக்க. நால்வரும் நிறைவேற்று அதிகார சனாதிபதி முறையை ஒழிப்பதாகவோ அடியோடு மாற்றுவதாகவோ சொல்லி வாக்குக் கேட்டவர்கள். நால்வரும் வென்று அந்தப் பதவியிலேயே அமர்ந்தவர்கள். இதை வாக்குத் தவறிய கதையாகப் படிப்பது இலங்கை அரசியல் எழுத்தில் வழமை. அப்படிப் படிக்கும்போது ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. பதவி ஒழியாத இந்தக் காலத்திலேயே ஒரு சனாதிபதியின் நாடாளுமன்றக் கலைப்பு செல்லாது என்றானது. இரு சனாதிபதிகள் வழங்கிய பொதுமன்னிப்புகள் ரத்தாயின. இவை எப்படி நடந்தன?

இக்கட்டுரையின் விடை சுருக்கமானது. சனாதிபதியைக் கட்டுப்படுத்தக் கட்சிகள் தமக்குள் அமைத்துக்கொண்ட சபைகள் ஒவ்வொரு பெரும்பான்மையோடும் வந்து போயின. குடிமக்களின் கையில் கொடுக்கப்பட்ட வழக்காடும் உரிமை மட்டும் நிலைத்தது. பதவியை ஒழிப்பதா வைத்திருப்பதா என்ற வாதத்தில் இந்த வேறுபாடு உரிய இடம் பெறவில்லை.

கட்சிகளின் கணக்கு

நாடாளுமன்றத்தின் தயவில் தங்கியிராத, உறுதியான நிறைவேற்றுத்துறை வேண்டும் என்று ஜே.ஆர். ஜெயவர்த்தன 1966இலேயே பேசினார். 1971இல் அரசியல் நிர்ணய சபையில் அதே யோசனையை முன்வைத்தபோது அவருடைய கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவே அதை ஏற்கவில்லை. 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றபின் யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. 1978 பெப்ரவரி 4 அன்று ஜெயவர்த்தன முதல் நிறைவேற்று சனாதிபதியானார். புதிய அரசியலமைப்பு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பை நடத்தி, அதே நாடாளுமன்றத்தை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டித்தார்.

ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி இதைச் சர்வாதிகாரம் என்றது. அதற்கும் ஒரு பழங்கணக்கு இருந்தது. 1970இல் தெரிவான, அக்கட்சியின் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், 1972 அரசியலமைப்பின் வழியே தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. அப்போது நிறைவேற்று சனாதிபதி இல்லை, பிரதமர்தான் இருந்தார். ஆகவே பதவியின் பெயரை மாற்றினால் பொறுப்புக்கூறல் தானாக வந்துவிடும் என்ற வாதத்துக்கு இலங்கை வரலாறு இடம் கொடுக்கவில்லை. மூன்றில் இரண்டு பெரும்பான்மை உள்ள எந்தப் பிரதமரும் ஜெயவர்த்தன செய்ததைச் செய்யலாம்.

1978க்குப் பிந்திய திருத்தங்களை வரிசைப்படுத்தினால் ஒழுங்கு ஒன்று தெரிகிறது. சனாதிபதியின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய மூன்று திருத்தங்களும் ஆட்சி ஆட்டம் கண்ட வேளைகளில் வந்தவை. 2001இல் பெரும்பான்மையை இழந்திருந்த சந்திரிகா அரசாங்கம் மக்கள் விடுதலை முன்னணியின் ஆதரவுக்காக 17ஆம் திருத்தத்தை ஏற்றது. 2015இல் சிறுபான்மை அரசாங்கம் ஒன்று 212 வாக்குகளுடன் 19ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. 2022 யூலையில் கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடிய சில மாதங்களில் 21ஆம் திருத்தம் 179 வாக்குகளுடன் வந்தது. அதிகாரத்தைக் கூட்டிய திருத்தங்கள் இதற்கு நேரெதிர். 2010இல் 161 வாக்குகளுடன் 18ஆம் திருத்தமும், 2020இல் 156 வாக்குகளுடன் 20ஆம் திருத்தமும் பெரும் தேர்தல் வெற்றிகளுக்குப் பின், எதிரணியிலிருந்து வந்தவர்களின் கைகளையும் சேர்த்துக்கொண்டு நிறைவேறின. அடுத்த சனாதிபதி யார் என்று எந்தக் கட்சிக்கும் நிச்சயமில்லாதபோது எல்லாரும் தடைகளை விரும்புகிறார்கள்; நிச்சயம் வந்ததும் வென்றவர் அவற்றைக் கழற்றுகிறார்.

இந்த அலைகளில் அதிகம் அடிபட்டது அரசியலமைப்புப் பேரவை. நீதியரசர்கள், ஆணைக்குழு உறுப்பினர்கள் ஆகியோரின் நியமனத்தில் சனாதிபதியின் தனி விருப்பத்தைக் கட்டுப்படுத்த 17ஆம் திருத்தம் அதை உருவாக்கியது. 18ஆம் திருத்தம் அதை நீக்கி, அபிப்பிராயம் மட்டும் சொல்லக்கூடிய நாடாளுமன்றப் பேரவையை வைத்தது. 19 அதை மீட்டது, 20 மறுபடி நீக்கியது, 21 மறுபடி மீட்டது. இருபத்தோர் ஆண்டுகளில் ஒரு நிறுவனம் மூன்று முறை பிறந்து இரண்டு முறை இறந்திருக்கிறது.

ஒரு காப்புவாசகத்தின் வரலாறு

அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை பதவியிலிருக்கும் சனாதிபதிக்கு வழக்குகளிலிருந்து விடுபாட்டுரிமை தருகிறது. 1980களில் நீதிமன்றம் இதை முழுமையான கவசமாகவே வாசித்தது. மல்லிகாரச்சி எதிர் சிவா பசுபதி வழக்கில் அந்த வாசிப்பு உறுதியாயிற்று. 19ஆம் திருத்தம் அந்த உறுப்புரையில் ஒரு காப்புவாசகத்தைச் சேர்த்தது. சனாதிபதி தம் பதவிப் பொறுப்பில் செய்ததோ செய்யத் தவறியதோ அடிப்படை உரிமையை மீறினால், 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மனுவின் எதிர்த்தரப்பில் சனாதிபதியின் பெயர் வராது. சட்டமா அதிபரின் பெயர் வரும். அரசியல் மேடையில் இந்த வாசகத்தைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. பதவிக்கால வரம்பும் நாடாளுமன்றக் கலைப்பும்தான் விவாதமாயின.

அதன் பலம் 2018இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 26 அன்று ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கிய மைத்திரிபால சிறிசேன, நவம்பர் 9 அன்று வர்த்தமானி மூலம் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். நான்கரை ஆண்டுகள் முடியுமுன், மூன்றில் இரண்டு பங்கினரின் தீர்மானம் இன்றிக் கலைக்க முடியாது என்று அப்போதைய 70ஆம் உறுப்புரை சொன்னது. அரச தரப்போ, நாடாளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் சனாதிபதிக்கு அதிகாரமுண்டு என்று பொதுவாகச் சொல்லும் 33ஆம் உறுப்புரையைத் தனியான, வரம்பற்ற அதிகாரமாகக் காட்டியது. இராஜவரோதயம் சம்பந்தனும் மற்றவர்களும் கொண்டுவந்த மனுக்களில், ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13 அன்று ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் முதல் மனுதாரராக நின்ற வழக்கு இலங்கை நாடாளுமன்றத்தையே காத்தது. காப்புவாசகம் இல்லாதிருந்தால் அந்த மனு வாசலிலேயே நின்றிருக்கும்.

அடுத்த சோதனை 2020இல் வந்தது. 20ஆம் திருத்தச் சட்டமூலம் இக்காப்புவாசகத்தையும் நீக்க முயன்றது. மக்களின் இறைமையில் அடிப்படை உரிமைகளும் அடங்கும் என்கிறது 3ஆம் உறுப்புரை. அந்த உறுப்புரையைத் தொடுவதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்கிறது 83ஆம் உறுப்புரை. ஆகவே விடுபாட்டுரிமையை முழுமையாக்க மூன்றில் இரண்டு மட்டும் போதாது என்று நீதிமன்றம் அறிவித்தது. அரசாங்கம் அந்த வாசகத்தில் கைவைக்காமல் பின்வாங்கியது. அரசியலமைப்புப் பேரவையை 156 வாக்குகளால் கலைக்க முடிந்தது. மனுச் செய்யும் உரிமையைப் பறிக்க முடியவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில்தான் இக்கட்டுரையின் வாதம் நிற்கிறது.

விளைவுகள் தொடர்ந்தன. கொலைக் குற்றவாளியான முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்குக் கோட்டாபய வழங்கிய மன்னிப்பை நீதிமன்றம் 2024 சனவரியில் ரத்துச் செய்தது. றோயல் பார்க் கொலை வழக்கின் குற்றவாளிக்குச் சிறிசேன வழங்கிய மன்னிப்பு அதே ஆண்டு யூனில் ரத்தானது.

எல்லைகள்

இவ்வாதத்துக்கு எதிராக மூன்று கூற்றுகள் உண்டு. முதலாவது, நீதிமன்றம் காரியம் நடந்தபின்தான் வருகிறது என்பது. 2023 நவம்பரில் பொருளாதாரச் சரிவுக்கு ராஜபக்ச சகோதரர்களும் அதிகாரிகளும் பொறுப்பு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. வழக்குச் செலவுக்கு மேல் அவர்கள் எதுவும் கட்ட நேரவில்லை. இது உண்மை. ஆனால் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் பதவியிலிருந்து இறங்கிவிட்ட சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 சனவரியில் தீர்ப்பானதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சிறுபான்மையினருக்கு இப்பதவியே பேரம் பேசும் பலம் தருகிறது என்ற வாதம். நாடு முழுவதும் பாதிக்கு மேல் வாக்குத் தேடும் வேட்பாளர் தமிழரையும் முஸ்லிம்களையும் நாடியே ஆக வேண்டும் என்பது அதன் தர்க்கம். 2015இல் அது பலித்தது. 2019இல் வடக்கும் கிழக்கும் எதிர்த்து வாக்களித்தும் கோட்டாபய 52.25 வீதத்துடன் வென்றதோடு அத்தர்க்கம் உடைந்தது.

மூன்றாவதுதான் கனமானது. காப்புவாசகம் கொழும்புக்கு அண்மையில் இருப்பவர்களுக்கே எட்டுகிறது. மனுவை ஒரு மாதத்துக்குள், புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வேறெந்த நீதிமன்றமும் அதை எடுக்க முடியாது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த மாதத்துக்குள் முறையிட்டால் விசாரணைக் காலம் கணக்கில் வராது என்பது மட்டுமே சலுகை. சட்டத்தரணியைத் தேடவே ஒரு மாதமாகும் முல்லைத்தீவுக் குடும்பத்துக்கு இவ்வுரிமை பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கிறது. 2000 டிசம்பரில் வடக்கின் மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற படைவீரர் சுனில் ரத்நாயக்கவை, உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து ஓராண்டு ஆகுமுன்பே, 2020 மார்ச்சில் கோட்டாபய விடுவித்தார். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் சனாதிபதி நியமித்த ஆளுநரே மாகாணத்தை நடத்திவந்தார். சனாதிபதி அதிகாரம் வடக்கில் மிக அருகில் இருக்கிறது. அதைக் கேள்வி கேட்கும் இடம் மிகத் தொலைவில் இருக்கிறது.

முடிவுரை

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. மேலே காட்டிய ஒழுங்கின்படி, இத்தகைய பெரும்பான்மை பதவியைக் குறைப்பதில்லை. அந்த ஒழுங்கை இவ்வரசாங்கம் உடைக்கலாம். உடைக்கும் என்று நம்பி ஒரு அரசியலமைப்பை எழுதக் கூடாது. ஒழிப்பு வரட்டும் வராமற் போகட்டும், அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியவை உள்ளன. ஒரு மாத வரம்பை நீட்டலாம். அடிப்படை உரிமை மனுக்களை மாகாண மேல் நீதிமன்றங்களும் விசாரிக்க வழி செய்யலாம். ஒவ்வொரு பொதுமன்னிப்புக்கும் காரணத்தை எழுதி வர்த்தமானியில் வெளியிடக் கட்டாயப்படுத்தலாம். சட்டம் நிறைவேறியபின் அதை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்னும் 80ஆம் உறுப்புரையின் தடையையும் நீக்கலாம். இவை பிரதமர் ஆட்சி வந்தாலும் பயன்படும். சனாதிபதி ஆட்சி தொடர்ந்தாலும் பயன்படும். ஒழிப்பதாகச் சொன்ன கட்சியை இனி அளக்க வேண்டியது ஒழிப்புக்கு அது குறிக்கும் தேதியை வைத்தல்ல. பதவியிலிருப்பவருக்கு எதிராகக் குடிமகன் போடக்கூடிய வழக்குகளை அது கூட்டியதா குறைத்ததா என்பதை வைத்துத்தான்.