ஸோகோல் கழகம் புகட்டும் பாடம்

உடற்பயிற்சி ஒருவன் உடலை மட்டுமன்றி ஒரு சமுதாயத்தையே உரம்பெறச் செய்யும் என்பதற்குச் செக் மக்களின் வரலாறு தக்க சான்றாகும். அவர்கள் ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த 1862-ஆம் ஆண்டில், மிரோஸ்லாவ் திர்ஷ் என்னும் தத்துவ அறிஞர், பியூக்னர் என்னும் வணிகரோடு கூடிப் பிராக் நகரில் 'ஸோகோல்' என்ற உடற்பயிற்சிக் கழகத்தை நிறுவினார். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னாது அனைவரும் ஒரே வரிசையில் நின்று பயின்றனர். ஒருவரை ஒருவர் 'சகோதரரே' என விளித்தனர். 1941-இல் நாஜிகளால் ஒடுக்கப்பட்டும், பின்னர்ப் பொதுவுடைமை ஆட்சியில் நசுக்கப்பட்டும் அழியாது, 1990-இல் அக்கழகம் மீண்டும் தழைத்தது.

நம் சிறுவர்க்கோ மதிப்பெண்ணன்றி வேறு நினைவில்லை. சங்கக் கட்டடத்தை அடுத்துள்ள வெற்றிடத்தை விளையாட்டுத் திடலாக்குமாறு யாம் வேண்டுகிறோம். அதன் வாயில் நம்மவர்க்கு மட்டுமன்றி எல்லாத் தெருப் பிள்ளைகட்கும் திறந்திருத்தல் வேண்டும். தனித்து ஆடுவார்க்குச் சகோதரர் ஏது?