விமானத்தில் காற்றழுத்தம் குறைவது ஏன்? 121 உயிர்களைப் பறித்த ஒரு சுவிட்ச்

மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு 2018 செப்டம்பர் 20-ஆம் தேதி 166 பயணிகளுடன் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானம், மேலே ஏறிக்கொண்டிருந்தபோதே மும்பைக்குத் திருப்பப்பட்டது. சுமார் 30 பயணிகள் பாதிக்கப்பட்டனர். சிலருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் கசிந்தது. காற்றழுத்தத்தைப் பராமரிக்கும் சுவிட்சை இயக்க விமானிகள் மறந்ததே இதற்குக் காரணம் என சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) தெரிவித்தது.

காற்றழுத்தம் பராமரிக்கப்படுவது எப்படி?

சுமார் 34,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் ஒரு பங்கே இருக்கும். எனவே, பெரும்பாலான ஜெட் விமானங்களில் என்ஜினிலிருந்து பெறப்படும் அழுத்தக் காற்று குளிர்விக்கப்பட்டு உள்ளே செலுத்தப்படுகிறது. அது வெளியேறும் அளவை ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. இதன்மூலம் உள்ளே இருக்கும் அழுத்தம், 8,000 அடி உயரத்தில் உள்ள அளவுக்குக் கீழே குறையாமல் காக்கப்படுகிறது.

உள்ளழுத்தம் 10,000 அடி உயரத்துக்கு நிகராகக் குறைந்தால் விமானி அறையில் எச்சரிக்கை ஒலிக்கும். 14,000 அடிக்கு நிகரானால் பயணிகளுக்கான ஆக்சிஜன் முகக்கவசங்கள் கீழிறங்கும். 35,000 அடியில் அழுத்தம் முற்றிலும் குறைந்தால், தெளிவாகச் செயல்பட ஒருவருக்குக் கிடைப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை மட்டுமே. குழந்தைக்கு உதவும் முன் தனது முகக்கவசத்தை அணியுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தப்படுவது இதனால்தான்.

ஹீலியோஸ் விபத்து

சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பிராகா செல்லவிருந்த ஹீலியோஸ் ஏர்வேஸின் போயிங் 737 விமானம், 2005 ஆகஸ்ட் 14-ஆம் தேதி கிரீஸில் மலைப்பகுதியில் மோதியது. அதிலிருந்த 121 பேரும் உயிரிழந்தனர்.

முந்தைய பயணத்தில் பின்பக்கக் கதவிலிருந்து சத்தம் வந்ததாகப் புகார் எழுந்ததால், தரையில் காற்றுக்கசிவு சோதனை நடத்தப்பட்டது. அதற்காக மாற்றப்பட்ட அழுத்தக் கட்டுப்பாட்டு சுவிட்ச், தானியங்கி நிலைக்குத் திருப்பப்படவில்லை. புறப்படும் முன்பும், என்ஜின் இயக்கிய பின்பும், மேலெழும்பிய பின்பும் நடந்த சரிபார்ப்புகளில் விமானிகள் இதைக் கவனிக்கத் தவறினர்.

எச்சரிக்கை ஒலித்தபோதும், புறப்பாட்டுக்கான அமைப்புகளில் கோளாறு இருந்தால் எழும் அதே ஒலி அது என்பதால் விமானிகள் தவறாகப் புரிந்துகொண்டனர். பின்னர் அவர்கள் நினைவிழந்தனர். தானியங்கிக் கட்டுப்பாட்டில் 34,000 அடியில் பறந்த விமானத்தை கிரேக்கப் போர் விமானங்கள் நெருங்கியபோது, முதன்மை விமானியின் இருக்கை காலியாக இருந்தது. துணை விமானி அசைவற்றுக் கிடந்தார். எரிபொருள் தீர்ந்ததும் விமானம் வீழ்ந்தது.

பாடம் என்ன?

இவ்விபத்துக்குப் பின்னர், அழுத்தக் குறைவை உணர்த்தும் தனி எச்சரிக்கை விளக்குகள் போயிங் 737 விமானங்களில் பொருத்தப்பட்டன. எனினும், கருவிகள் உதவிக்கு வருவது தவறு நேர்ந்த பின்னரே. நாள்தோறும் சொல்லிப் பழகிய சரிபார்ப்புப் பட்டியலை வாய் ஒப்பிக்க, கண் சுவிட்சைப் பார்க்காமல் கடந்துவிடக்கூடும். பராமரிப்புப் பணி முடிந்த விமானத்தில் ஒவ்வொரு சுவிட்சும் உரிய நிலையில் உள்ளதா என்பதை நேரில் பார்த்து உறுதிசெய்வதே, தரையிலேயே ஆபத்தைத் தடுக்கும் வழி.