அப்பாவின் பிடிலும் அரபுப் பாட்டும்

"தாத்தா, உனக்கு அரபி தெரியுமா?" என்று பேரன் கேட்டான்.

தெரியாது என்றேன்.

"அப்புறம் எதுக்கு மணிக்கணக்கா அரபிப் பாட்டு கேக்கறே?"

நியாயமான கேள்விதான். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதி வைக்கிறேன். சிற்றலை ரேடியோ கேட்டு வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதில் பாதியாவது சொந்த அனுபவமாக இருக்கும்.

மாயவரத்தில் எங்கள் வீட்டில் ஒரு மர்பி ரேடியோ. வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வலைப்பட்டை மாதிரி ஏரியல் கட்டியிருக்கும். பகலில் திருச்சி நிலையமும் இலங்கை வானொலியும் பாடும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாலையில் பிடில் சாதகம் செய்வார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுப்பார். ராத்திரி அவர் படுத்த பிறகு ரேடியோ என் ராஜ்யம். முள்ளை மயிரிழை நகர்த்தினால் ஒரு தேசம் போய் இன்னொரு தேசம் வரும். 1963-ல் தொடங்கிய பீக்கிங் வானொலித் தமிழ் ஒலிபரப்பில் செய்திகளுக்கு நடுவே சீன இசை போடுவார்கள். அதில் ஐந்து ஸ்வரத்தில் வரும் மெட்டுகளைக் கேட்டு, 'அட, மோகனம்!' என்று சந்தோஷப்படுவேன்.

1972-ல் ஒரு ராத்திரி, இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் வந்தது. கனமான குரல். ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடினார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. ஒவ்வொரு தடவையும் சபை ஆர்ப்பரித்தது. பாஷை புரியவில்லை. ஆனால் நிரவல் பண்ணுகிறார் என்பது புரிந்துவிட்டது. மெய்மறந்து சத்தத்தைக் கூட்டிவிட்டேன் போலிருக்கிறது.

அப்பா எழுந்து வந்தார். "என்னடா இது, நடுராத்திரியில ஒப்பாரி?" என்று ரேடியோவை அணைத்தார்.

எனக்குப் பதினைந்து வயது. வாய் சும்மா இருக்குமா? "அந்நிய சங்கீதம்னா ஒப்பாரியா? நீங்க வாசிக்கிற பிடில் மட்டும் காவேரிக் கரையிலயா முளைச்சுது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. ஒரு வாரம் பிடில் பெட்டியைத் திறக்கவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. பிடில் வெள்ளைக்காரர்களோடு வந்த வாத்தியம்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டு, நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதரே வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதியிருக்கிறார், நோட்டுஸ்வரம் என்பார்கள். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார்.

பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. மறு பாதி எனக்குப் பின்னால்தான் விளங்கியது. வந்த பிடிலை நம்மவர்கள் அப்படியே வாசித்துவிடவில்லை. நின்று வாசிப்பதை விட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றினார்கள், கழுத்தைப் பிடித்துத் தாங்காமல் இடது கை கமகத்துக்கு வழுக்கி ஓடுவதற்காக. தந்திகளின் சுருதியையே மாற்றி, ஸ-ப-ஸ-ப என்று சேர்த்தார்கள். வாத்தியம்தான் கப்பலில் வந்தது. அதை நம்முடையதாக்கியது தலைமுறை தலைமுறையாகச் செய்த சாதகம். அப்பாவும் அந்த வரிசையில் ஒருவர். அவரைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டேன்.

1979-ல் என் பள்ளித் தோழன், நீடூர்க்காரன், குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தான். கையில் டூ-இன்-ஒன், ஒரு பை நிறைய கேசட்டுகள். ஒன்றைப் போட்டான். ஏழு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே குரல்! எகிப்தின் உம்மு குல்தூம் என்று பெயர் சொன்னான். அவர் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு பாடும் கச்சேரியைக் கெய்ரோ வானொலி பல ஆண்டுகள் ஒலிபரப்பியது. அந்த நேரத்தில் அரபு தேசங்களில் தெருக்கள் காலியாகிவிடுமாம். ஒரு பாட்டே ஒரு மணி நேரம் போகும். ரசிகர்கள் கேட்டால் வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார். 1975 பிப்ரவரியில் அவர் காலமானபோது லட்சக்கணக்கானோர் கெய்ரோ தெருக்களில் திரண்டு, சவப்பெட்டியைத் தங்கள் தோளிலேயே வாங்கிச் சுமந்தார்கள்.

இரண்டு கேசட்டுகளை எனக்குக் கொடுத்துவிட்டு, "சாருக்கும் போட்டுக் காட்டுடா" என்றான். அவனுக்கு அப்பா வாத்தியார். எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த அறையில் மெதுவாகத்தான் போட்டுக் கேட்டேன்.

ஒரு நாள் அப்பா கதவருகே வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார். "வகுளாபரணம் மாதிரி இருக்கே" என்றார். அரபுக்காரர்கள் ஹிஜாஸ் என்று சொல்லும் மக்காம் அது. ஸ்வரங்கள் ஏறக்குறைய வகுளாபரணம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த பாட்டில் அவர் முகம் மாறியது. "நிறுத்து. திரும்பப் போடு." போட்டேன். "இந்தக் காந்தாரம் என்னடா? சாதாரணமும் இல்ல, அந்தரமும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. அபஸ்வரம்னு சொல்லவும் முடியல. ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல வந்து நிக்கறா."

பெட்டியைத் திறந்து பிடிலை எடுத்தார். சுருதி சேர்த்துக்கொண்டு, அந்த இடத்தைத் தேடி விரலை மேலும் கீழும் நகர்த்தினார். நான் கேசட்டைப் பின்னால் ஓட்டி ஓட்டிப் போட்டேன். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு விரல் சரியாக நின்றது. இரண்டு ஒலியும் ஒன்றானது. அப்பா சிரித்தார். "ஆர்மோனியத்துல இது வராது பார். பிடில்லதான் வரும்" என்றார். அந்தச் சிரிப்பில் பழைய வார்த்தை மன்னிக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

அன்று கற்றுக்கொண்டதைத்தான் பேரனுக்குச் சொன்னேன். வெளியூர்ச் சங்கீதம் கேட்கும்போது முதலில் 'இது மோகனம், இது வகுளாபரணம்' என்று நம் வீட்டு முகமாகத் தேடுவோம். அது வாசல்படி; அங்கேயே நின்றுவிடக் கூடாது. நம்முடைய எந்தக் கட்டத்திலும் அடங்காத அந்தக் காந்தாரம் இருக்கிறதே, அதற்காகக் காத்திருந்து, விரலை அங்கே கொண்டு போய் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் எனக்குச் சீன இசையும் மோகனமாக இல்லாமல் சீன இசையாகவே காதில் விழுந்தது. ஜப்பான், எத்தியோப்பியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டதும் அப்படித்தான்.

அப்பா 1986-ல் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தபோது அரபு பிடில் பற்றிய பாடம் ஒன்று கண்ணில் பட்டது. எகிப்துக்கும் பிடில் ஐரோப்பாவிலிருந்து போனதுதான், 19ஆம் நூற்றாண்டில். ஐரோப்பியர்கள் நான்கு தந்திகளையும் ஸோல்-ரே-லா-மி என்று சேர்ப்பார்கள். அரபுக்காரர்களுக்கு அது ஒத்து வரவில்லை. ஸோல்-ரே-ஸோல்-ரே என்று மாற்றிக்கொண்டார்கள். காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஸோலை ஸட்ஜமாக வைத்தால் ரே பஞ்சமம்.

ஸ-ப-ஸ-ப.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கெய்ரோவிலும் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் அந்நிய வாத்தியத்தை மடியில் வாங்கிக்கொண்டவர்கள் அதன் காதை ஒரே மாதிரி முறுக்கியிருக்கிறார்கள். இதைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்தான், அவர் இல்லை.

பரணில் இருந்த பிடிலை இறக்கி, புதுத் தந்தி போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு வாசிக்க வராது. பேரன் அடுத்த மாதம் வகுப்பில் சேருகிறான்.