நீலத்தில் இரண்டு எழுத்துகள்

புகைப்பட வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் தொடங்குவார்கள்: பிரான்ஸின் டாகேர், இங்கிலாந்தின் டால்பட். 1839இல் இருவரது முறைகளும் வெளியுலகுக்குத் தெரியவந்தன. இரண்டும் ஒளிபட்டால் மாறும் வெள்ளிச் சேர்மங்களை நம்பியவை. பின்னாளில் வந்த ஃபிலிமும் இருட்டறைத் தாளும் அந்த வெள்ளி மரபின் வாரிசுகளே. அதே தலைமுறையில், வெள்ளியைத் தொடாமல் இரும்பைக் கொண்டு இன்னொரு மரபும் பிறந்தது. அதன் முதற்பெரும் படைப்பைச் செய்தவரின் பெயரோ நெடுங்காலம் இரண்டு எழுத்துகளாகவே கிடந்தது.

வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் சயனோடைப் முறையைக் கண்டறிந்தார். அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகியவற்றின் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, மங்கிய ஒளியில் உலர்த்த வேண்டும். அதன்மேல் ஓர் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்ட வேண்டும். ஒளி பட்ட இடத்தில் நீரில் கரையாத பிரஷ்ய நீலம் உருவாகும். இலை மறைத்த இடத்து உப்புகள் தண்ணீரில் கரைந்து போக, வெண்மை எஞ்சும். கேமராவோ டெவலப்பரோ ஹைப்போவோ தேவையில்லை. வெள்ளிப் படங்களை நிலைநிறுத்த ஹைப்போ உதவும் என்று காட்டியவரும் இதே ஹெர்ஷல்தான்.

இந்த முறையை உடனே கையிலெடுத்தவர் அன்னா அட்கின்ஸ். 1799இல் கென்ட் பகுதியில் பிறந்தவர். தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அறிவியலாளர், ஹெர்ஷலின் நண்பர். லமார்க்கின் சிப்பிகள் பற்றிய நூலைத் தந்தை மொழிபெயர்த்தபோது, இருநூறுக்கும் மேற்பட்ட சித்திரங்களை வரைந்து கொடுத்தவர் மகள். ஆகவே, வரையத் தெரியாததால் அவர் வெயிலிடம் போகவில்லை. நுண்ணிய கடற்பாசிகளைப் பிழையின்றி வரைவது கடினம் என்பதையே தன் முன்னுரையில் காரணமாகச் சொல்கிறார். வில்லியம் ஹார்வி 1841இல் வெளியிட்ட பிரிட்டிஷ் கடற்பாசிக் கையேட்டில் படங்களே இல்லை. அந்தக் குறையை நிரப்பவே அட்கின்ஸின் நூல் எழுந்தது.

முதல் பகுதி 1843 அக்டோபரில் வெளிவந்தது. புகைப்படங்கள் கொண்ட முதல் நூல் என்று இன்று பலரும் ஏற்பது இதைத்தான். டால்பட்டின் புகழ்பெற்ற நூல் விற்பனைக்கு வரத் தொடங்கியது 1844இல். அட்கின்ஸின் பணி 1853 வரை நீண்டு, சுமார் 400 பக்கங்களாக வளர்ந்தது. இதில் அச்சு இயந்திரத்துக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு படியின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே வெயிலில் விளைந்தது. தாவரப் பெயர்களும் முன்னுரையும்கூட அவரது கையெழுத்திலேயே நீலத்தில் பதிந்தவை. சில படிகளே உருவாகி, நண்பர்களுக்கும் அறிவியல் நிறுவனங்களுக்கும் அன்பளிப்பாகச் சென்றன. சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்த விநியோக முறை புதிதல்ல.

முன்னுரையின் கீழே அவர் இட்டது "ஏ. ஏ." என்ற முதலெழுத்துகளை மட்டுமே. பிற்பாடு அந்த நூலைக் கண்டவர்களில் ஒருவர் அதைப் 'பெயரறியா அமெச்சூர்' என்று விரித்துக்கொண்டார். பத்தாண்டு உழைப்பை ஒரு பொழுதுபோக்காக்க அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. லாரி ஷாஃப் 1985இல் வெளியிட்ட ஆய்வு நூலே அவரைப் பரவலாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

முறைக்கும் ஏறத்தாழ அதே கதிதான். 1870களிலிருந்து பொறியாளர்களின் வரைபடங்களை நகலெடுக்கும் 'புளூபிரிண்ட்' ஆக அது அலுவலகங்களில் குடியேறியது. நிலக்காட்சியை நீலத்தில் அச்சிடுவதைக் கலைப் புகைப்படக்காரர் பி. எச். எமர்சன் காட்டுமிராண்டித்தனமாகக் கருதினார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், ஆயத்த இருட்டறைத் தாளில் அலுத்தவர்கள் இதற்குத் திரும்பினார்கள். இன்றும் பெரிய ஃபிலிம் நெகடிவைத் தாளோடு ஒட்டி வைத்து, வெயிலுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சயனோடைப் படத்துக்கு ஒரு குணம் உண்டு. தொடர்ந்து வெளிச்சத்தில் இருந்தால் வெளிறும். இருட்டில் சில காலம் வைத்தால் இழந்த நீலத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். ஹெர்ஷலுக்கு அட்கின்ஸ் அளித்த படி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பாசிகள் நீலக் கடலில் வெள்ளையாக மிதக்கின்றன. 2018இல் அதே நூலகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, தலைப்பில் அன்னா அட்கின்ஸ் என்ற முழுப்பெயர் இருந்தது.