இணையப் போக்கர்

இணையப் போக்கர் என்பது இணையத்தின் ஊடாக விளையாடப்படும் போக்கர் சீட்டாட்டம் ஆகும். ஆட்டக்காரர்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தபடியே ஒரே மேசையில் ஆடுகின்றனர். சீட்டுகளைக் கலைப்பதும் பங்கிடுவதும் கணினி நிரலின் பணியாகும். பணத்துக்கு ஆடும் முதல் தளமான பிளானட் போக்கர் 1998 சனவரி 1 அன்று தொடங்கியது. 2003 இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 86 டாலர் கட்டணம் கொண்ட இணையத் தகுதிப் போட்டி வழியாக உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் நுழைந்து, 25 இலட்சம் டாலர் வென்றார். (மணிமேக்கர் என்பது அவரது இயற்பெயரே.) இவ்வெற்றிக்குப் பின்னர் புதிதாக ஆடக் கற்போர் தொகை வெகுவாகப் பெருகியது.

ஆட்ட முறை

இணையத்தில் மிகுதியாக ஆடப்படும் வகை டெக்சஸ் ஹோல்டெம் ஆகும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் அனைவருக்கும் பொதுவாக மேசை நடுவில் முதலில் மூன்று சீட்டுகளும், அடுத்து ஒன்றும், இறுதியாக ஒன்றும் திறக்கப்படும். இந்த ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி முடிவாகிறது. பொதுச்சீட்டுகள் திறப்பதற்கு முன் ஒருமுறையும், ஒவ்வொரு திறப்புக்குப் பின் ஒருமுறையும் பந்தயம் நடைபெறும். அப்போது ஒருவர் பிறர் கட்டிய தொகையைத் தாமும் கட்டலாம், அதனை உயர்த்தலாம், அல்லது ஆட்டத்திலிருந்து விலகலாம். மற்ற அனைவரும் விலகிவிட்டால் எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலே முழுத் தொகையையும் பெறுவார். ரம்மியில் பொதுவாகச் சீட்டுகளைச் சேர்த்து முடித்துக் காட்டுவதே வெற்றி. போக்கரில் வெறுங்கையோடும் வெல்ல இயலும்.

தொடக்கநிலைக் கற்றல்

புதியவர் முதலில் கற்க வேண்டியது விலகுவதையே. இரண்டு சீட்டுகள் 1326 வகையாக அமையக்கூடும். இவற்றில் இணைச்சீட்டு 17 ஆட்டங்களுக்கு ஒருமுறையும், இரண்டு ஏஸ் 221 ஆட்டங்களுக்கு ஒருமுறையும் சராசரியாகக் கிடைக்கும். எனவே பலர் அமரும் மேசையில் பெரும்பாலான ஆட்டங்களைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது சரியான முறையாகும். சலிப்பினால் ஆடப்படும் ஆட்டங்களே புதியவரின் பணத்தை மிகுதியாகக் கரைக்கின்றன.

அடுத்தது, வாய்ப்பையும் விலையையும் ஒப்பிடுதல். ஒருவரிடம் ஒரே சின்னத்தில் நான்கு சீட்டுகள் சேர்ந்துள்ளன. ஐந்தாவதுக்காகக் காத்திருக்கிறார் எனக் கொள்வோம். அவர் காணாத 47 சீட்டுகளில் அச்சின்னத்துச் சீட்டுகள் ஒன்பது. எனவே அடுத்த திறப்பில் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. நடுவில் 100 ரூபாய் இருக்கையில் எதிராளி 50 ரூபாய் கட்டினால், 150 ரூபாயைப் பெறுவதற்கு இவர் 50 ரூபாய் இட வேண்டும். இதற்கு 25 விழுக்காடு வாய்ப்பாவது தேவை. பின்வரும் பந்தயங்களில் கூடுதல் ஆதாயம் கிட்டும் என்ற நம்பிக்கை இல்லையெனில் விலகுவதே கணக்குக்குப் பொருந்தும்.

விளையாட்டுப் பண மேசைகளில் விதிகளைக் கற்கலாம். பந்தயத்தைக் கற்க முடியாது. இழப்பதற்கு ஏதுமில்லாததால் அங்கே ஒருவரும் விலகுவதில்லை.

கட்டணமும் தற்செயலும்

தளங்கள் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ரேக் எனப்படும் பங்கை, பொதுவாக 5 விழுக்காடு அளவில், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு எடுத்துக்கொள்கின்றன. சம திறமையுள்ள இருவர் ஆளுக்கு 100 ரூபாய் வீதம் 100 ஆட்டங்கள் ஆடி, ஆளுக்குப் பாதி வென்றாலும், இந்த வீதத்தில் தளத்துக்கு 1000 ரூபாய் சேரும்; இருவரும் 500 ரூபாய் இழந்திருப்பர். ஆகவே எதிராளிக்குச் சமமாக ஆடுவது போதாது. நேரடி மேசையில் மணிக்கு 30 ஆட்டங்கள் அளவில் நடக்க, இணையத்தில் அதனினும் இருமடங்குக்கு மேல் நடப்பதால் இழப்பும் விரைந்து வளர்கிறது.

குறுகிய கால முடிவுகள் திறமையைக் காட்டுவதில்லை. இரண்டு ஏஸ், இரண்டு ராஜாவுக்கு எதிராகவும் ஐந்தில் ஒருமுறை அளவில் தோற்கும். முதல் வாரத்தில் வென்றவர் அதனைத் தம் திறமை எனக் கருதித் தொகையை உயர்த்துவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழையாகும்.

நம்பகத்தன்மை

1999 இல் மென்பொருள் ஆய்வாளர்கள் பிளானட் போக்கர் பயன்படுத்திய கலைப்பு நிரலை ஆராய்ந்தனர். நிரல் கணினிக் கடிகாரத்தைத் தொடக்க எண்ணாகக் கொண்டதால், ஐந்து சீட்டுகளை அறிந்தவுடன் எஞ்சிய அனைத்தையும் கணிக்க முடியும் என நிறுவினர். பின்னர் அப்சலூட் போக்கர், அல்டிமேட் பெட் ஆகிய தளங்களில் உள்ளாட்கள் பிறர் சீட்டுகளைக் கண்டு ஆடியது 2007, 2008 ஆண்டுகளில் வெளிப்பட்டது.

சட்ட நிலை

அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தைத் தடுத்தது. 2011 ஏப்ரல் 15 அன்று மூன்று பெரிய தளங்களின் நிறுவனர்கள் மீது வழக்கு வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டில் 2022 ஆம் ஆண்டுத் தடைச்சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவை திறன் சார்ந்தவை என்பது காரணம். எனினும் 2025 ஆகஸ்ட்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறன் சார்ந்ததா தற்செயல் சார்ந்ததா எனப் பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதையும் விளம்பரப்படுத்துவதையும் தடைசெய்தது. ஆடுவோருக்கு இச்சட்டத்தில் தண்டனை இல்லை.